மூன்று புள்ளி வைத்த கவர்

சாக்கின் வாயை அவிழ்த்ததும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. கரிந்த ஆயிலில் ஊறிப்போன ரப்பர் மரத்தூளின் புளித்த வாசனை. புனலூர்ப் பக்கமிருந்து வருகிற பழைய இரும்புச் சாக்கு எல்லாவற்றுக்கும் அது உண்டு. உன் சட்டைக்கும் இருந்தது. நீ போன பிறகு இந்த வாசனை வந்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தென்காசியில் சாரல் பலமாக இருந்ததால் போகவில்லை. நனைந்தாலும் பரவாயில்லை என்று போயிருக்கலாம்.

செத்துப்போனவனுக்கு எழுதுவதில் ஓர் அசட்டுத்தனம் இருக்கிறது, தெரியும். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்ல வழியில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. உனக்கோ இது முன்பே தெரியும். நீ செய்த வேலைதானே.

சாக்கில் வந்தது வழக்கமான குப்பை. இரண்டு கார்புரேட்டர், காது உடைந்த ஸ்டார்ட்டர், பல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டுகள், கீறல் விழுந்த ஒரு பிஸ்டன். டீசல் தட்டில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் தேய்த்தேன். மரம் அறுக்கிற மிஷினில் எழுத்து இல்லாத பாகமே கிடையாது என்று நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! செயின் சுற்றி ஓடுகிற பாரின் வாலில் நீளமும் காடியின் அகலமும் இருக்கும். செயினின் கண்ணிகளில் ஒற்றை எண். பிஸ்டன் தலையில் சைலன்சர் பக்கம் பார்க்கிற அம்பு. பிளாஸ்டிக் பாகமென்றால் உள்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். முள் காட்டுகிற எண் அதை வார்த்த மாதம், நடுவில் இருப்பது வருடம். எழுத்து ஆழமாக இருந்தால் கம்பெனி உருப்படி, மேலோட்டமாக இருந்தால் டூப்ளிகேட். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நாலு சாக்கு கழுவினால் யாருக்கும் வந்துவிடும்.

தட்டின் அடியில் ஒரு கவர் கிடந்தது. செயின் ஓடுகிற பல்சக்கரத்தை மூடுகிற கவர். கையில் எடுத்ததும் பார் நட்டு உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் தானாகப் போய் நின்றது. மூன்று புள்ளி. அடுப்புக்கல் மாதிரி மேலே ஒன்று, கீழே இரண்டு.

அந்தப் புள்ளி வந்த கதை உனக்கு நினைவிருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து மரம் வெட்டப் போனால், சாயங்காலம் எல்லா மிஷினையும் ஒரே தார்ப்பாயில் பிரித்துப் போட்டு ஊதித் துடைப்பீர்கள். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நிறம். மறுநாள் காலையில் என் கவர் உன்னிடம், உன் பார் என்னிடம் என்று சண்டை வரும். அதனால் மரம் வெட்டுகிறவர்கள் ஆளுக்கொரு குறி வைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு வேல், ஒருவனுக்குப் பிறை, ஒருவனுக்கு வெறும் கோடு. நீ என் கடையில் இருந்த பஞ்ச்சை எடுத்து மூன்று புள்ளி குத்தினாய்.

"என்னலே இது, விபூதிப் பட்டையை ஓட்டை ஓட்டையா போட்ட மாதிரி?" என்றேன்.

"அடுப்புலே. எங்க வீட்டு அடுப்பு இதாலதான எரியுது" என்றாய்.

பிறகு அது ஒரு சீக்காகவே ஆகிவிட்டது உனக்கு. பாகத்தில் குத்தினது போதாதென்று, நீ கையால் செய்த ரிப்பேர் எங்கே இருந்தாலும் அதன் பக்கத்தில் மூன்று புள்ளி. ஒட்டுப்போட்ட டேங்க்கில், புதிதாக மரை போட்ட துளையில், எல்லாவற்றிலும். பெரிய கல்வெட்டுக்காரன் என்று கேலி செய்வேன். "நாளைக்கு எவனாவது பிரிச்சான்னா, இது கம்பெனி வேல இல்ல, என் வேலன்னு தெரியணும்லா. கெட்டுப்போனா என்னைய ஏசட்டும்" என்பாய். ஏசுகிறேன், கேட்டுக்கொள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கடையைத் தொடங்கினோம். உட்கார்ந்து செய்கிற வேலை உனக்கு ஒத்துவரவில்லை. ஒரு மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாய். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து டீசல் தட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிச் சொல்வாய். "நீ கண்ணால படி, நான் கையால படிக்கேன். யாரு முந்துதான்னு பாப்போம்." முந்துவது நீதான், தப்பாகச் சொல்வதும் நீதான். எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாத விரல் உன்னுடையது.

உன் மனைவியும் கூட வருவாள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பாள். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை நம்மோடுதான். நாம் கழுவிப் போடுகிற பாகங்களைத் துடைத்து, பழைய பேனர்த் துணியில் வரிசையாகப் பரப்புவாள். எழுத்துத் தெரிகிற பக்கம் எப்போதும் மேலே இருக்கும். குறி எது, கீறல் எது, துரு எது என்று நம் இரண்டு பேரையும்விட அவள் சரியாகச் சொல்வாள். அவள் மட்டும் இந்த விஷயத்தில் கொஞ்சம் மட்டியாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன், சொன்னால்தான் என் கோபம் ஆறும். பார் நுனி ஒரு கொப்பில் தட்டினால் மிஷின் வெட்டுகிறவனைப் பார்த்து எகிறும். அப்போது கைப்பிடிக்கு முன்னால், கவரோடு சேர்ந்து நிற்கிற பிளாஸ்டிக் தட்டில் கை இடிக்கும். இடித்ததும் கவருக்குள் இருக்கிற இரும்புப் பட்டை, செயினைச் சுற்றவைக்கிற டிரம்மை இறுக்கிப் பிடித்துச் செயினை நிறுத்திவிடும். மரம் வெட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புது மிஷின் வாங்கியதும் முதலில் கழற்றி எறிவது அந்தப் பட்டையைத்தான். ஈரத்தூள் சேர்ந்தால் அது தானாக இறுகும், கிளச் புகையும், வேலை நிற்கும். நீயும் எறிந்துவிட்டுத்தான் வேலை பார்த்தாய். பாவூர்சத்திரம் பக்கம் ஒரு புளியமரத்தில் கொப்புக் கழித்தபோது மிஷின் எகிறி உன் தாடையைக் கிழித்தது.

தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலமே அவள் உன்னைக் காசி விசுவநாதர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, உன் வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "பிரேக் இல்லாம இனிமே மிஷினைத் தொட மாட்டேன்னு சொல்லுங்க. என் தலைமேல சொல்லுங்க." நான் செருப்புக்குக் காவலாக வாசலிலேயே நின்றிருக்கலாம், கூட வந்து தொலைத்தேன். நீ சொன்னாய். அவள் தலைமேல் கை வைத்துச் சொன்னாய், என் காதில் விழுந்தது.

மறுநாளே கடையில் வைத்துப் புதுப் பட்டை போட்டோம். அவள் பக்கத்தில் நின்று கடைசி ஸ்க்ரூ வரைக்கும் பார்த்தாள். அதற்குப் பிறகு நீ வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தத் தட்டை விரலால் சுண்டுவாளாம். டக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் உன்னை வாசற்படி இறங்க விடுவாளாம். நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

அந்த வாரமே உன் வீட்டில் சாப்பாடு. சொதி வைத்திருந்தாள். இரண்டாவது கரண்டி ஊற்றிவிட்டு உள்ளே போனவள் தன் நீல ரப்பர் செருப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குதிகால் இருக்கிற இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை.

"இத யாரு வெட்டுனது?"

"எலி கடிச்சிருக்கும்ட்டி."

"எலி காம்பஸ் வச்சு வட்டம் போட்டா கடிக்கும்?"

எனக்குப் புரையேறிவிட்டது. நீயும் சிரித்தாய். தையல் பிரிக்காத தாடை இழுக்கிறது என்று ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சிரித்தாய். அவள் அந்தச் செருப்பைத் தூக்கி எறியவில்லை. ஓட்டையோடு போட்டுக்கொண்டு திரிந்தாள். நீ போன பிறகும் அதேதான். குற்றாலத்து ஈரத்தில் நடந்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சியடித்துச் சேலைக் கரை நனையும். புதுசு வாங்கேன் என்றால், "அவிய எதுக்கோ வெட்டிருக்காவ அண்ணாச்சி. கெடந்துட்டுப் போட்டும்" என்பாள்.

போன வருடம் சாரல் தொடங்குவதற்கு முன்னால், ஆரியங்காவு தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் மறுபடியும் மிஷின் எகிறி நீ விழுந்தாய். இந்தத் தடவை தாடை இல்லை, கழுத்து. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். போலீஸ் கேஸ் முடிந்து மிஷின் வெளியே வந்ததும், உங்களை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி அதைப் பிரித்து விற்றுவிட்டான். அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. ஆளை அடித்த மிஷினை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, முழு உருப்படியாக இன்னொருவன் கையில் கொடுக்கவும் கூடாது. பாகம் பாகமாகக் கழற்றி, வெவ்வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதானே நம் தொழில் வழக்கம். உன் சாவுக்கு வந்த பெரியவர்கள் எல்லோரும் துஷ்டி வீட்டிலேயே இதற்குச் சரியென்று தலையாட்டியிருந்தார்கள். உன் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை.

பிரிக்கிறபோது மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். "உள்ள பிரேக் பட்டையே இல்ல. கழட்டிப் போட்டுட்டுல்லா வேல பாத்திருக்கான்." அந்த வார்த்தை மலை இறங்கித் தென்காசிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. டீக்கடையில் ஒருவன் என் காதுபடச் சொன்னான், 'அவனே தேடிக்கிட்டது' என்று. நான் கையில் இருந்த டம்ளரைத் தரையில் அடித்தேன். "பொண்டாட்டி தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணுனவம்லே அவன். நான் பாத்தேன்லே" என்று கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. அந்த டம்ளருக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அவளும் நம்பவில்லை. "மேஸ்திரி தாம் மேல பழி வந்துரக் கூடாதுன்னு பொறவு கழட்டிருப்பான் அண்ணாச்சி. அந்தக் கவர் வரட்டும். எங்க வித்தாலும் ஒரு நாள் சாக்குல இங்கன வந்துதான ஆகணும்? கவரைப் பாத்தா நமக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும், அதுதான் கொடுமை. செத்தவன் திரும்பி வர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நஷ்டஈடு, நியாயம் எதுவும் கேட்கவில்லை. தன் தலைமேல் வைத்த கை பொய்க் கை இல்லை என்று ஒரு பாகம் வந்து சொன்னால் போதும் அவளுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு வந்துவிட்டுக் கடை வாசலில் நிற்பாள். "வந்துச்சா அண்ணாச்சி?" என்பாள். "வரலை தங்கச்சி" என்பேன். உடனே குற்றாலத்துப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவாள்.

மாசி வாக்கில் பின்கைப்பிடி ஒன்று வந்தது. மூன்று புள்ளி, உள்பக்கத்துக் கடிகாரத்தில் நீ மிஷின் வாங்கின வருடம். அவளிடம் கொடுத்தேன். மிஷினின் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. முந்தானையில் சுற்றி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இது வந்துச்சுல்லா. அதுவும் வரும்" என்றாள். அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது அதுவும் வந்துவிட்டது. வெளிப்பக்கத்துப் புள்ளிகள் பழசு, கை பட்டுப் பட்டு மழுங்கியவை. பிளாஸ்டிக் தட்டு தன் இடத்தில் நின்றது, சுண்டினால் டக்கென்றது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மக்கா. பிறகு திருப்பினேன். பட்டை இருக்க வேண்டிய காடியில் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வில்லை வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அது ஒரு நாளில் சேர்கிற தூள் இல்லை. பட்டை இருந்திருந்தால் தூளுக்கு அங்கே உட்கார இடமே கிடையாது. மேஸ்திரி பிறகு கழற்றியிருந்தால் காடி வழவழவென்று இருந்திருக்கும்.

சரி, உன் மிஷின் கை மாறிய பிறகு எவனோ இந்தக் கவரை மாட்டி ஓட்டியிருப்பான் என்று மனசு ஒரு சுற்று ஓடிப்பார்த்தது. பட்டையை மாட்டுகிற துளையைத் துடைத்தேன். தூள் ஒழுகாமல் இருக்க அதில் ஒரு போல்ட் போட்டு அடைத்திருந்தது. போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாசர், நீலம். அதற்குப் பக்கத்தில் அழகாக, ஆழமாக, மூன்று புள்ளி.

கிறுக்குப் பயலே, பொய் சொன்ன இடத்திலுமா கையெழுத்துப் போடுவாய்?

தட்டை மட்டும் வெளியே விட்டுவைத்திருக்கிறாய், அவள் சுண்டிப் பார்ப்பதற்கு. தினமும் அவள் சுண்டினாள், டக்கென்றது, நம்பி அனுப்பிவைத்தாள். தாடைத் தையல்கூடப் பிரிக்கவில்லையே, நீ அந்தச் செருப்பை வெட்டினபோது. அவள் தலை எண்ணெய் உன் கையில் காய்ந்திருக்காதே. ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் 'பொண்டாட்டி பிரேக்கு' என்று கேலி செய்வார்கள். அவனவன் மரத்தைச் சாய்த்துவிட்டு பீடி பற்றவைக்கும்போது நீ மட்டும் கவரைக் கழற்றித் தூளை ஊதிக்கொண்டு நிற்க வேண்டும். நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம், நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாய். எல்லாம் புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை. உன்மேல் இவ்வளவு கோபம் வந்த நாளில் உன்னை ஏச நீ இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கவரை விலைபோகாத சாமான் பெட்டியில், எல்லாவற்றுக்கும் அடியில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்துதான் போட்டேன். வெள்ளிக்கிழமை வந்தாள். "வந்துச்சா அண்ணாச்சி?" "வரலை தங்கச்சி." அதோடு போயிருப்பாள், சாரல் வலுத்துவிட்டது. "கொஞ்சம் நின்னு போறேன்" என்று உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் கை சும்மா இருக்காது என்பதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார் வாங்க வந்த ஒருவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, பெட்டியை இழுத்து, பேனர்த் துணியை விரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பரப்ப ஆரம்பித்துவிட்டாள். அவர் போன பிறகு நான் திரும்பியபோது கவர் அவள் மடியில் இருந்தது.

அவள் கட்டைவிரல் வெளிப்பக்கத்துப் புள்ளிகளில் நின்றது. தட்டை ஒரு தடவை சுண்டினாள். டக். கவரைத் திருப்பினாள். நான் நெம்பி எடுத்தது போக மிச்சமிருந்த தூளை நகத்தால் சுரண்டினாள். போல்ட்டைப் பார்த்தாள், பக்கத்துப் புள்ளிகளைத் தடவினாள். நீல வாசரைச் சுற்றி விரலால் மெதுவாக ஒரு வட்டம் போட்டாள். பிறகு இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"இது யாரு கவரோ. புள்ளி மாதிரி தெரியுது, பாத்தா துரு."

குரலில் ஒன்றுமே இல்லை. ஆயிரம் சாமானைப் பார்த்துச் சொன்ன அதே குரல்தான்.

"ஆமா தங்கச்சி. துருதான்" என்றேன்.

கவரைத் துணியில் வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தாள். மழை விடவில்லை, எழுந்து போய்விட்டாள். உன் மானத்தைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாளா, எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொன்னாளா, தெரியவில்லை.

இனிமேல் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். காலில் புதுச் செருப்பு, சிவப்பு நிறம். வார் இன்னும் காலுக்குப் பழகவில்லை போல, விந்தி நடந்துவந்து வாசலில் நின்றாள்.

"வந்துச்சா அண்ணாச்சி?"

"வரலை தங்கச்சி."

"வரும்" என்றாள்.

இனி எங்கள் இரண்டு பேருக்கும் மிச்ச நாளெல்லாம் இப்படித்தான் போகும். அவள் கேட்பாள், நான் இல்லையென்பேன், கிடைத்துவிட்ட பொருளை இரண்டு பேரும் சேர்ந்து தேடிக்கொண்டிருப்போம். கவரை உருக்கப் போடக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. கடை மேசை டிராயரில் கிடக்கிறது. கடை சாத்துவதற்கு முன்னால் ஒரு தடவை எடுத்து, நீ செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துளைக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைக்கிறேன். உன் விரல் எத்தனை தடவை தப்பாகப் படித்திருக்கிறது! என் விரலும் ஒரு நாளாவது தப்பாகப் படித்துவிடாதா என்று தடவிப் பார்க்கிறேன். மூன்று புள்ளிதான் இருக்கிறது.